கண்டிகையிலிருந்து ரிச்சி தெரு வரை

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. கரும்பு ஏற்றிய டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கிற ஊர். கடைவீதியில் தமிழில் தொடங்கும் பேச்சு தெலுங்கில் முடியும். என் தாய்மாமா பிறந்தபோது இந்தப் பக்கமெல்லாம் சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டம் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அவர் வீட்டுக் கேசட் அலமாரியில் மேல் தட்டு முழுக்கக் கண்டசாலா, அடுத்த தட்டில் டி.எம்.எஸ்., சீர்காழி, பெங்களூர் ரமணியம்மாள். கடைசித் தட்டு தீட்சிதர் கிருதிகளுக்கு.

தீட்சிதருக்கு அந்த வீட்டில் தனி மரியாதை. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வைப் பாடியது திருத்தணி மலையில்தான் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். முருகனே முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டாராம். 'குருகுஹ' என்ற முத்திரை அங்கே தொடங்கியது. சாயந்திரம் விளக்கேற்றியதும் மாமா அந்தக் கேசட்டைப் போடுவார். பக்கத்து வீட்டு அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார்.

இந்த முறை நான் போனபோது அந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் மேல் துண்டு போர்த்திக் கிடந்தது.

“ரெண்டு மாசம் ஆச்சுப்பா. லெஃப்ட் சைடு முதல்ல கரகரன்னுச்சு. அப்புறம் ஒரு நாள் 'உம்'னு ஒரே இரைச்சல். ஸ்பீக்கர் காயிதம் முன்னால வந்து அப்படியே நின்னுகிச்சு. கருகின வாசனை வரவும் பிளக்கைப் புடுங்கிட்டேன்.”

மகன் தவணையில் ஒரு சவுண்ட்பார் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து டிரான்ஸ்பார்மரில் இருக்கும் செம்புக்கு ஒரு விலை சொல்லிவிட்டும் போயிருக்கிறார். மாமா இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.

அவர் சொன்ன அடையாளம் ஒன்று எனக்குப் போதுமாக இருந்தது. ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் ஆடினால் பாட்டு. ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் அங்கே பாட்டு இல்லை, டிசி மின்சாரம் நேராகப் பாய்கிறது. நல்ல ஆம்ப்ளிஃபயரில் பாட்டு ஓடாத நேரத்தில் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். அந்த டிசி, ஸ்பீக்கரின் காயிலைச் சூடாக்கிக் கருக்கிவிடும். மாமா பிளக்கைப் பிடுங்கியது வீட்டையே காப்பாற்றிய காரியம்.

கரகரப்பு மட்டும் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வால்யூம் திருகும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே இருக்கும் கார்பன் பாதையில் தூசு. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகினால் போகும். வால்யூம் எந்த நிலையில் இருந்தாலும் ஒரே அளவில் இரைந்தால் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டன்சர்கள் காய்ந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டயோடுகளைத் தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். அதை விழுங்குவதுதான் கண்டன்சரின் வேலை. ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை என்றால் முதலில் உள்ளே வரும் வயர்களை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். ஊமைப் பக்கமும் கூடவே மாறினால் கோளாறு கேசட் டெக்கிலோ வயரிலோ. ஆம்ப்ளிஃபயரைத் திறக்கவே வேண்டாம். மாறாவிட்டால் செட்டை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை மாற்றுங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் காசு கிடையாது. ஆனால் கோன் தள்ளிய ஸ்பீக்கரையோ அது செருகியிருந்த ஆம்ப்ளிஃபயர் முனையையோ இப்படி மாற்றிப் பார்க்கக் கூடாது. நன்றாக இருக்கும் இன்னொரு ஸ்பீக்கரும் போய்விடும்.

பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. சுவர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள், மூலையில் சீரியல் செட் மூட்டைகள், மேசைமேல் வயிறு திறந்த அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று. திருத்தணிப் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு வேலை ஓய்வதில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலை அடிவாரமெங்கும் காவடிகளும் மைக் செட்டுகளும். டிசம்பர் 31 படித் திருவிழாவில் 365 படிகளிலும் பஜனைக் கோஷ்டிகள் திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள். இதற்கு நடுவே ஊருக்கு ஊர் அம்மன் ஜாத்திரை, கல்யாணம், காதுகுத்து. திருவிழா அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் செட் நின்றால் அங்கேயே, அப்போதே எழுப்பியாக வேண்டும். அப்படி எழுப்பி எழுப்பிக் கற்ற கை இந்தக் கடைக்காரருடையது. வீட்டு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு மெக்கானிக்கே இல்லை என்று நகரத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மைக் செட்காரரிடம் கேட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

மாமாவின் செட்டை அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது எனக்குப் பிடித்தது. செட்டை நேராக பிளக்கில் செருகவில்லை. மேசையோரம் ஒரு பலகையில் 100 வாட் குண்டு பல்பு இருந்தது. சீரிஸ் போர்டு என்கிறார்கள். வீட்டு மின்சாரம் அந்தப் பல்பின் வழியாகத்தான் செட்டுக்குள் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்; செட் மேலும் கருகாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு கடைகளில் குறைந்துகொண்டே வருவதால் அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருக்கிறார்.

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு சுவிட்ச் போட்டார். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றது. அணைத்து, கண்டன்சர்களில் தங்கிய மின்சாரத்தை இன்னொரு சின்ன பல்பு வழியாக வடித்துவிட்டு, இடது பக்கத்து டிரான்சிஸ்டர் இரண்டையும் கழற்றினார். மறுபடி போட்டால் பல்பு மங்கியது. மீட்டரில் வைத்ததும் எம்ஜே2955 'பீப்' என்று கத்தியது. அதன் ஜோடியான 2என்3055 உயிரோடு இருந்தாலும் அடி வாங்கியிருக்கும் என்றார். பக்கத்தில் வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று விரிசல் விட்டிருந்தது. பிறகு பியூஸைக் காட்டினார். எந்தக் காலத்திலோ யாரோ கண்ணாடி பியூஸை எடுத்துவிட்டுத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். சில ரூபாய் பியூஸ் போயிருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர் போயிருக்கிறது.

“டிரான்ஸ்பார்மர் தங்கம் சார் இது. இப்ப இந்த மாதிரி சுத்த மாட்டாங்க. பொட்டி, ஹீட் சிங்க் எல்லாம் நல்லா இருக்குது. போனது சாமான் மட்டும்தான். ஆனா ஒரிஜினல் சாமான் வேணும். இந்தப் பக்கம் கிடைக்கிறதுல பாதி டூப்ளிகேட். போட்டா ஒரு வாரம் பாடும், மறுபடி ஸ்பீக்கரைத் தின்னும். நீங்க ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வாங்க.”

மூடியின் உட்புறத்தில் அந்த ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தது. பழுப்பேறியிருந்தாலும் எண்கள் தெரிந்தன. அதைப் பார்த்துச் சிகரெட் அட்டையின் பின்புறம் பட்டியல் எழுதிக் கொடுத்தார். இரு பக்கத்துக்கும் பவர் டிரான்சிஸ்டர் ஜோடிகள், இடது பக்கத்துக்கு பிடி139, பிடி140, சிமென்ட் ரெசிஸ்டர்கள், 4700 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கண்டன்சர் இரண்டு, மைக்கா தகடு, ஹீட் சிங்க் பேஸ்ட், கண்ணாடி பியூஸ். செட்டை அங்கேயே விட்டுவிட்டேன். பத்துக் கிலோப் பெட்டியை ரயிலில் சுமக்கத் தேவையில்லை. கழற்றிய டிரான்சிஸ்டர்களும் கருகிய வூஃபரும் ஒரு துணிப்பைக்குள் அடங்கின.

திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. அரக்கோணம் வரை கூட்டம் குறைவு. வூஃபரைக் கீழே வைத்தால் காந்தம் இரும்புத் தரையில் ஒட்டிக்கொள்ளும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதிரே அம்மையார்குப்பத்துச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவர் வூஃபரைப் பார்த்துவிட்டு, தன் வீட்டு மிக்சி, டிவி, ஸ்டெபிலைசர் போன கதையெல்லாம் சொன்னார். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் விசைத்தறி ஊர்கள். தறிகளும் கிணற்று மோட்டார்களும் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், நின்றதும் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில் முதலில் தளர்வது கண்டன்சர்தான் என்பது அவர் அனுபவம். மாமா வீட்டுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் தேவை என்று குறித்துக்கொண்டேன்.

திருவாலங்காட்டில் ரயில் நின்றது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த தலம். அவருடைய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டு முழுக்க சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களும் கொக்கரை, தக்கை, வீணை, மத்தளம் என்று வாத்தியங்களின் பெயர்களுமாக நிறைந்திருக்கும். இந்த மண்ணில் காது எவ்வளவு பழையது என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். ஒரு பக்கம் ஊமையான செட்டில் அந்த வீணையும் மத்தளமும் பாதிதானே கேட்கும்? ஸ்டீரியோ ஒலிப்பதிவில் சில வாத்தியங்கள் இடப்பக்கம் மட்டுமே பதிவாகியிருக்கும். இடது போனால் அவை பாட்டிலேயே இல்லை.

திருவள்ளூருக்குப் பிறகு நிற்க இடமில்லை. ரயில் வந்து சேரும் இடத்தின் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, வால்வு ரேடியோ என்று எல்லாம் கிடைத்த மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. 1985 மே 30-ஆம் தேதி தீயில் போனது. ரிப்பேர் செய்து பயன்படுத்துகிறவர்களுக்குச் சென்னையில் இருந்த பெரிய வாசல் அன்றைக்கு மூடியது. இன்றும் அதற்கு ஈடான இடம் இல்லை.

சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். மேலே வந்து அண்ணா சாலையை ஒட்டி உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. அதோடு நரசிங்கபுரம் தெரு, ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களால் நிறைந்த மீரான் சாகிப் தெரு, எல்லாம் சேர்ந்ததைத்தான் மக்கள் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறார்கள். முகப்பில் மொபைல் கவரும் சிசிடிவி கேமராவும்தான் கண்ணில் படும். உதிரி விற்கும் கடைகள் உள்ளே, குறுகிய படிக்கட்டுகளுக்கு மேலே. சுவரளவு உயரத்துக்குச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எண்ணைச் சொன்னதும் திரும்பிப் பார்க்காமலே கை சரியான இழுப்பறைக்குப் போகிறது.

முதல் கடையில் 2என்3055 மிக மலிவாகச் சொன்னார்கள். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது எடை குறைவு, எழுத்து விரலில் ஒட்டியது. போலி டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டு மிகச் சிறியதாக இருக்கும். 115 வாட் தாங்க வேண்டியது அதில் பாதியைக்கூடத் தாங்காது. சர்வீஸ் மெக்கானிக்குகள் வரிசையில் நிற்கும் கடை எது என்று பார்த்து அங்கே போனேன். விலை மூன்று மடங்கு, பில் உண்டு. “டூப்ளிகேட்டும் இருக்குது, எது வேணும்?” என்று கடைக்காரர் தானே கேட்டார். அப்படிக் கேட்கிறவரை நம்பலாம்.

இன்னொரு வழியையும் அவர் காட்டினார், அதையும் சொல்ல வேண்டும். சில செட்டுகளில் சர்க்யூட் போர்டே கருகியிருக்கும், அல்லது எஸ்டிகே போன்ற கிடைக்காத பழைய ஐசி இருக்கும். அப்போது போர்டை மட்டும் தூக்கிவிட்டு டிடிஏ7294 ஐசி போர்டு இரண்டு வாங்கிப் பழைய பெட்டிக்குள்ளேயே பொருத்தலாம். டிரான்ஸ்பார்மரின் வோல்டேஜை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவுடையது 20-0-20. அதை 1.41-ஆல் பெருக்கி, டயோடில் போவதைக் கழித்தால் பிளஸ் மைனஸ் 27 வோல்ட் சொச்சம். இந்த ஐசி பிளஸ் மைனஸ் 40 வரை தாங்கும் என்பதால் நம் ஊர் வோல்டேஜ் ஏற்றத்துக்கும் இடம் இருக்கிறது. ஒரு செட்டில் விலை கூடியவை டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், பெட்டி மூன்றும்தான். அவை சாகாதவரை புதுசு வாங்குவது வீண் செலவு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

டிரான்ஸ்பார்மரே போய்விட்டதென்றால்? அப்போதும் பெரிய தொகை வேண்டாம். டிபிஏ3116 என்ற ஐசி உள்ள கிளாஸ் டி போர்டு உள்ளங்கை அளவுதான். மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே அதற்குப் போதும். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒரு பக்கத்துக்கு 20 வாட் அளவில் கொடுக்கும். சூடு அதிகம் இல்லை, கரண்டும் குறைவு. இருபது வாட் போதுமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக் கூடத்தில் நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு நல்ல ஸ்பீக்கர் ஒன்றிரண்டு வாட்தான் எடுக்கும். அட்டைப்பெட்டிமேல் 5000 வாட் பிஎம்பிஓ என்று அச்சடித்து விற்பது ஏமாற்று. செட்டின் பின்புறம் திருப்பிப் பாருங்கள், அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று எழுதியிருக்கும். 60 வாட் எடுக்கிற பெட்டி ஓயாமல் அதற்கு மேல் கொடுக்கவே முடியாது. ஆர்எம்எஸ் என்ற எண்ணை மட்டும் கேளுங்கள்.

வூஃபருக்குக் காயில் மாற்றுகிறவர் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்திருந்தார். மீட்டர் வைத்தார், ஓடவில்லை. நல்ல 8 ஓம் வூஃபர் மீட்டரில் 6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். தின்னர் தடவி டஸ்ட் கேப்பைக் கிழியாமல் எடுத்தார், ஸ்பைடரோடு கோனைப் பிரித்தார். கருகிய காயிலின் விட்டத்தை அளந்து அதே அளவில் புதியதை இறக்கினார். காந்தத்தின் இடுக்கில் காயில் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க வேண்டும். அதற்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டிச் சுற்றிலும் செருகி, பசை காய்ந்த பிறகு உருவினார். அவர் பசை காயக் காத்திருந்த நேரத்தில் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. இந்தக் கைவேலைக்கு ஐ.டி.ஐ.யில் ஒரு பாடம் வைத்தால் என்ன? கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் இல்லை என்று அவர் சொன்னது அன்று முழுக்க என் மனதை அரித்தது.

ரிப்பேர் செய்யும் உரிமையைப் பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது; அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளத்தையும் தொடங்கியது. கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களையும் உதிரிகள் பற்றிய தகவலையும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். மாமாவின் ஆம்ப்ளிஃபயரைச் செய்தவர்கள் சட்டம் எதுவும் கேட்காமலே சர்க்யூட்டை மூடிக்குள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைய பெட்டிகளில் பலவற்றில் திருகாணியே கிடையாது, பசையால் ஒட்டிவிடுகிறார்கள்.

கண்டிகைக்குத் திரும்பிய மறுநாள் மெக்கானிக் எல்லாவற்றையும் பொருத்தினார். மைக்கா தகட்டின் இரு பக்கமும் பேஸ்ட், டிரான்சிஸ்டரின் உடம்பு ஹீட் சிங்கைத் தொடவில்லை என்று மீட்டரில் உறுதி. டிரை சால்டர் ஆகியிருந்த இணைப்புகளில் புது ஈயம். சீரிஸ் போர்டில் பல்பு மின்னி மங்கியது. ஸ்பீக்கர் முனையில் இரு பக்கமும் சில மில்லிவோல்ட்தான். அதற்குப் பிறகும் மாமாவின் ஸ்பீக்கரை அவர் கொடுக்கவில்லை. உடைந்தாலும் போகட்டும் என்று வைத்திருந்த ஓட்டை ஸ்பீக்கரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டார். சூடேறியதும் பயாஸ் பிரீசெட்டைக் கொஞ்சம் திருத்தினார். கழற்றிய சாமான்கள் அத்தனையையும் ஒரு கவரில் போட்டு மாமா கையில் கொடுத்தார்.

மாமா முதலில் போட்டது கண்டசாலா. “ரெண்டு பக்கமும் வருதுடி” என்று அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு தீட்சிதர். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “பாக வச்சிந்தி” (நன்றாக வந்திருக்கிறது) என்றார்.

உதிரிகள், காயில், மெக்கானிக் கூலி, ரயில், மெட்ரோ எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு செட் இப்படிக் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் பக்கத்து ஊர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஒரு தடவை காட்டுங்கள். சீரிஸ் போர்டு இல்லாமல் நேராக பிளக்கில் செருகுகிறவரிடம் கொடுக்காதீர்கள். போன சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு நீங்களே ரிச்சி தெருவுக்குப் போங்கள், பில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.